பொறிவண்டுக் குஞ்சு நாற்பதை நசுக்கிவிட்டாள், இனி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மொட்டைமாடிக்காரி:

வணக்கம். மதுரையில் இருக்கிறேன். மொட்டைமாடியில் இருபது இருபத்தைந்து பைகளில் செடி வைத்திருக்கிறேன். அவரை, கத்தரி, வெண்டை, தக்காளி, ஒரு பழைய டிரம்மில் கறிவேப்பிலை, இன்னொன்றில் எலுமிச்சை, ஓரமாகச் செண்டுமல்லி, துளசி. மருந்து எதுவும் அடிப்பதில்லை, பூச்சியைக் கையால் பொறுக்குவதுதான் நம்ம முறை. அதற்கு ஆள் வேண்டுமே என்று லீவில் என் மகளை (ஏழு வயது) இறக்கிவிட்டேன். செடியில் இருக்கிற பூச்சியெல்லாம் கெட்ட பூச்சி, கண்டால் நசுக்கிவிடு, பத்துக்கு ஒரு ரூபாய் தருகிறேன் என்று சொல்லிவைத்தேன். இதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

பிள்ளை கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் மாவுப்பூச்சி, வெண்டைக்காய்ப் புழு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா மூடி நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். கறுப்பாக, நெல்லளவு நீளம், முதுகில் முள் முள்ளாக, நடுவில் ஆரஞ்சுப் புள்ளி, பார்த்தால் பொடி முதலை மாதிரி இருந்தது. அவரைக்கொடியில் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சிக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்ததாம். எண்ணினோம், நாற்பத்திரண்டு. பார்க்கவே அருவருப்பாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, சபாஷ் என்று சொல்லி நாலு ரூபாய் கொடுத்தேன், மீதி இரண்டு பூச்சி அடுத்த கணக்கில் வரவு.

சாயங்காலம் என் தம்பி வந்தான். அவன் வேளாண்மை படித்தவன், மூடியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். அத்தனையும் பொறிவண்டுக் குஞ்சாம். "அசுவினியைத் தின்ன வந்த ஆளுங்களைக் கூலி கொடுத்துக் கொன்னிருக்கக்கா" என்றான். மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நாலு ரூபாயைத் திருப்பித் தரணுமாம்மா?" என்று கேட்டாள். ராத்திரி படுத்த பிறகுதான் அழுதாள்.

இப்போது பிரச்சினை வேறு பக்கம் திரும்பிவிட்டது. எதையும் தொடமாட்டேன் என்கிறாள். கத்தரி இலையைப் புள்ளி போட்ட வண்டு ஒன்று சல்லடையாக்கிக்கொண்டிருக்கிறது, அது பொறிவண்டுதானே, நல்ல பூச்சி, விடு என்று எனக்கே காவல் நிற்கிறாள். கறிவேப்பிலையில் பச்சைப் புழு கொழுத்துப்போய்க் கிடக்கிறது, அது பட்டாம்பூச்சி ஆகுமாம், அதையும் தொடக்கூடாது. அவள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து நண்பர்கள் என்று பட்டாம்பூச்சி படமும், எதிரிகள் என்று புழு படமும் போட்டிருக்கிறார்கள். "ரெண்டும் ஒரே ஆளுதானேம்மா?" என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? கீழே நாலு வயசுப் பயல் வேறு அக்காவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அவரைப்பந்தல்:

அக்கா, முதலில் பாப்பாவிடம் சொல்லுங்கள், இந்தத் தப்பைச் செய்யாத தோட்டக்காரர் ஒருத்தர்கூடக் கிடையாது. நான் முதல் வருஷம் பொறிவண்டுக் குஞ்சை வேப்ப எண்ணெய் அடித்தே ஒழித்தவன். அதுவும் வெற்றி வெற்றி என்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

அவரைக்கு இப்போது எதுவும் அடிக்க வேண்டாம். ஹோஸ் பைப்பை விரலால் அழுத்திப் பிடித்து, காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கீழே தள்ளுங்கள், மூன்று நாலு நாள் விடாமல் செய்யுங்கள். உதிர்ந்ததில் பாதி திரும்ப ஏறாது. அசுவினி இருக்கிற இடத்துக்குப் பொறிவண்டு தானாக வரும், கடைசி அசுவினி வரை கழுவிவிட்டால்தான் வராது. அப்புறம், இலையிலேயே ஒட்டிக்கொண்டு அசையாமல் ஆரஞ்சாக ஏதாவது உருண்டை இருந்தால் செத்தது என்று நினைத்துப் பிய்க்காதீர்கள், அது கூட்டுப்புழு. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், வெடுக்கென்று எழுந்து உட்காரும். பாப்பாவுக்கு அதைக் காட்டுங்கள், அழுகையெல்லாம் போய்விடும். சில நாளில் அதிலிருந்து வண்டு வெளியே வரும். வந்தவுடன் புள்ளி இருக்காது, வெறும் மஞ்சளாக ஈரமாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிறம் ஏறும்.

கத்தரியில் இருப்பது பொறிவண்டின் ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் சைவம். பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிற அடையாளம் இதுதான்: அசுவினி தின்கிற வண்டின் முதுகு கண்ணாடி வளையல் மாதிரி பளபளக்கும், நம்ம ஊரில் அதிகம் வருவதில் புள்ளிக்குப் பதில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு இருக்கும். கத்தரி வண்டு மங்கலான செம்பு நிறம், உற்றுப் பார்த்தால் முதுகெல்லாம் மெல்லிய ரோமம், புள்ளி நிறைய, ஒரு வகைக்கு 28 கூட உண்டு. அதன் குஞ்சு மஞ்சளாக, கிளை கிளையாக முள்ளோடு இருக்கும். இலையில் பச்சையை மட்டும் சுரண்டிவிட்டு நரம்பை வலை மாதிரி விட்டுவைக்கும். பாகல் கொடி வைத்தாலும் வந்துவிடும். அது இருக்கிற இலையில் அசுவினி இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள், அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

இன்னொரு குறுக்குவழி. தொட்டால் ஓடுகிறதா, உட்கார்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். இலை தின்பவனுக்குச் சோறு காலடியிலேயே இருக்கிறது, அவன் ஏன் ஓட வேண்டும்? வேட்டைக்குப் போகிறவன்தான் விறுவிறுவென்று அலைவான். நூற்றுக்கு நூறு சரியாக வராது. தேனீ மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்குமே, மலர் ஈ, அதன் புழு சரியான சோம்பேறி. அட்டை மாதிரி மெதுவாகத்தான் நகரும், ஆனால் அசுவினிதான் தின்னும். மாவுப்பூச்சிக்கு நடுவில் இன்னொரு கூத்து உண்டு, வெள்ளையாக மாவு பூசிக்கொண்டு அதே மாதிரி ஒன்று இருக்கும், ஆனால் கொஞ்சம் பெரிசு, வேகமாக ஓடும். அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் குஞ்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் மாவுப்பூச்சி வேஷத்திலேயே உட்கார்ந்து சாப்பிடும். பாப்பா இதுவரை எத்தனை நசுக்கினாளோ, கேட்காதீர்கள்.

கரிசல்:

தங்கச்சி, கோபப்படாதீங்க. எனக்குக் கோவில்பட்டி பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி, மக்காச்சோளம், உளுந்து, கொஞ்சம் மிளகாய். பட்டணத்தில் பூச்சியைப் பற்றிப் பேசினாலே அது பாவம் இது பாவம் என்று முடிகிறது. பாவம் பார்க்கிறது மாடியில் இருபது பை வைத்திருப்பவர்களுக்குச் சரி. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் படைப்புழுவைப் பார்த்தார்கள், அதே வருஷம் எங்கள் பக்கத்து மக்காச்சோளத்திலும் வந்து உட்கார்ந்தது. குருத்துக்குள்ளே இறங்கி, மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தள்ளிவிட்டுத் தின்றுகொண்டே இருக்கும். அந்த வருஷம் நான் போட்ட விதைக்காசு திரும்பவில்லை. கடையில் கேட்டேன், எது வேண்டுமானாலும் சாகும் என்று ஒரு மருந்தைக் கொடுத்தார், நிஜமாகவே எல்லாம் செத்தது, பொறிவண்டு, சிலந்தி, தட்டான் எல்லாம். புழு மட்டும் குருத்துக்குள் சௌக்கியமாக இருந்தது.

என் பையனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது கொல்லத்தான், ஆனால் அடையாளம் பார்த்துக் கொல்ல. படைப்புழுவின் நெற்றியில் தலைகீழாக ஆங்கில ஒய் எழுத்து இருக்கும், வால் பக்கத்தில் நாலு புள்ளி சதுரமாக இருக்கும். ரெண்டும் இருந்தால் நசுக்கு, ஒன்று இல்லையென்றாலும் என்னைக் கூப்பிடு. சாயங்காலம் வரிசை வரிசையாகப் போவோம், இலையடியில் பஞ்சு மூடின மாதிரி முட்டைக் குவியல் இருந்தால் இலையோடு கிள்ளிவிடுவான். ஒரு குவியலைக் கிள்ளினால் நூறு நூற்றைம்பது புழு மிச்சம், அது எட்டு வயசுப் பையனுக்கு லேசில் வருகிற கணக்கு. இப்போது அவன் என்னைவிட நன்றாகப் பார்ப்பான்.

கூட ஒன்று. உளுந்தைச் சுற்றி வரப்போரமாகத் தட்டைப்பயறு போடுவோம். அதில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், அங்கே தின்று பெருத்துவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளாமைக்கும் வேலை பார்க்கும். உங்கள் மாடியிலும் ஒரு பையில் தட்டைப்பயறு நாலு விதை ஊன்றுங்கள். அது பொறிவண்டுக்கு நாம் வைக்கிற பந்தி என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

தீப்பெட்டி:

நாங்களெல்லாம் தட்டான் வாலில் நூல் கட்டிப் பட்டம் விட்டவர்கள், பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு முட்டையிடுமா என்று ராத்திரியெல்லாம் திறந்து திறந்து பார்த்தவர்கள். குழியானையை ஊதி ஊதி வெளியே எடுத்திருக்கிறோம். யாரும் நல்லது கெட்டது சொல்லித்தரவில்லை. தட்டான் கொசுவைத் தின்னும், அதன் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்னும் என்பது எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரியும். நூல் கட்டியதற்கு இப்போது மாடியில் கொசுக்கடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பாப்பாவுக்கு ஏழு வயதிலேயே தெரிகிறதே, விடுங்கள்.

சாக்பீஸ்:

ஈரோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். நண்பர்கள், எதிரிகள் என்று இரண்டாகப் பிரித்த அந்தப் படத்தை நானும் பல வருஷம் கரும்பலகையில் வரைந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஐந்தாம் வகுப்பு ஜன்னல் மூலையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியது. சட்டி சட்டியாக நாலு, ஒன்றோடு ஒன்று ஒட்டி. குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் என்பார்கள், அதனால் டீச்சர்கள் யாரும் கலைக்க விடவில்லை. ஒரு பையன், குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னை மாதிரியே ஆக்கிவிடும் என்று அவன் பாட்டி சொன்னதாகச் சொன்னான். நம் எல்லோர் பாட்டியும் சொன்னதுதான். சரி, ஒன்றே ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்றேன். நகத்தால் தட்டியதும் மண் உதிர்ந்தது. உள்ளே பச்சைப் புழு எட்டு, சுருட்டி அடுக்கிவைத்த மாதிரி. செத்துப்போச்சு சார் என்றார்கள். ஒருத்தி ஈர்க்குச்சியால் தொட்டாள், ஒன்று லேசாக நெளிந்தது. மேலே, கூட்டின் கூரையிலிருந்து முடி மாதிரி ஒரு நூலில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு முட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முட்டையிலிருந்து வருகிற குஞ்சுக்குத்தான் அந்த எட்டும் சாப்பாடு. செத்தால் கெட்டுப்போகும் என்று கொல்லாமல் மயக்கி வைத்திருக்கிறது. பாட்டி பார்த்தது தப்பில்லை, புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், நடுவில் நடந்ததுதான் மண்ணுக்குள் மறைந்திருந்தது.

அப்போது ஒரு பையன் கேட்டான், "சார், அப்போ குளவி நல்லதா கெட்டதா?" நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "யாருக்கு?" என்றாள். அன்றைக்குப் பிறகு நான் அந்தப் படத்தை வரைவதில்லை.

அதனால் உங்கள் மகள் "ரெண்டும் ஒரே ஆளுதானே" என்று கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, பாடப்புத்தகம்தான் அவளிடம் தோற்றிருக்கிறது. நான் இப்போது பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது மூன்றுதான். இது இப்போது என்ன தின்கிறது? இதை யார் தின்கிறார்கள்? நாளைக்கு இது என்ன ஆகும்? ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதட்டும், படம் வரையட்டும், பெயர் தெரியாவிட்டால் அவளே ஒரு பெயர் வைக்கட்டும். எங்கள் வகுப்பில் பொறிவண்டுக் குஞ்சுக்கு முதலைக்குட்டி என்றுதான் பெயர். இருபது ரூபாய் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கத் தொடங்கிய பிள்ளை அவ்வளவு சீக்கிரம் நசுக்காது, பார்த்து முடியவே நேரம் சரியாக இருக்கும்.

கறிவேப்பிலைப் புழுவுக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன். செடியில் ஒரு கிளையைப் புழுவுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள், அதில் மூன்று புழு வரை இருக்கலாம், அதற்கு மேல் வந்தால் அம்மா எடுப்பேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். முதலில் அது பறவை எச்சம் மாதிரிதான் இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக, குருவி கிட்டே வராது. கடைசியாகத் தோலுரித்த பிறகுதான் பச்சை. அந்தப் பச்சையை மெதுவாக முதுகில் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவை மாதிரி கொம்பு நீட்டும், ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும். என் வகுப்பில் இதைப் பார்த்து அலறாத பிள்ளையே கிடையாது, இரண்டாவது முறை தொடாத பிள்ளையும் கிடையாது. கூடு கட்டி ஒரு வாரம் பத்து நாளில் பட்டாம்பூச்சி வரும். சில சமயம் வராது, கூட்டில் பொத்தல் விழுந்து உள்ளேயிருந்து பொடிக் குளவி வரும். அதையும் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

கரிசல் அண்ணன் சொன்னதற்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மரவள்ளி, மல்பெரி, பப்பாளி போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் வந்தது, மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இங்கே அதைக் கட்டுப்படுத்துகிற அளவுக்கு ஆள் கிடையாது. ஈரோடு, திருப்பூர், சேலம் என்று மரம் மரமாக வெள்ளை அப்பியது, பட்டுப்புழுவுக்குப் போட இலை இல்லாமல் போனது. எந்த மருந்தும் நிற்கவில்லை, மாவு மெழுகு மாதிரி, தண்ணீர் ஒட்டாது. கடைசியில் 2010-ல் பெங்களூரில் இருக்கிற தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது, வேளாண் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி வயலில் விட்டது. அசிரோஃபேகஸ் என்று பெயர், கடுகைவிடச் சிறிசு, மாவுப்பூச்சிக்குள்ளே முட்டை வைக்கும். சில மாதங்களில் வெள்ளை இறங்கத் தொடங்கியது. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, அவர்கள் அப்பாக்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது, வீட்டில் கேட்டு வா என்று அனுப்புவேன். மறுநாள் ஒவ்வொருத்தரும் கொண்டுவருகிற கதைக்கு ஒரு பீரியட் போதாது.

ஆகவே கொல்லவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கத்தரி வண்டைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடட்டும். காசு மட்டும் வேண்டாம் அம்மா. எண்ணிக்கைக்குக் காசு என்றால் கண் எண்ணிக்கையைத்தான் பார்க்கும்.

ரெண்டு வாலு அம்மா:

எல்லோரும் தொடு தொடு என்று எழுதுகிறீர்கள், தொடக்கூடாததையும் யாராவது சொல்லுங்கள். என் சின்னவன் வெண்டைப் பூவில் கறுப்பும் ஆரஞ்சும் பட்டை போட்ட வண்டைப் பிடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டுவந்தான், மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். கொப்புள வண்டு என்றே பெயராம், பூவைத் தின்ன வருவது, அதன் குஞ்சு வெட்டுக்கிளி முட்டையைத் தின்னும் என்று அப்புறம் படித்தேன், அப்போது எனக்கு அதைப் பாராட்டுகிற மனநிலை இல்லை. மழைக்காலத்தில் டியூப்லைட்டுக்கு வரும் சிவப்பும் கருநீலமுமான ஆசிட் பூச்சி, அதைத் தோல்மேல் வைத்து நசுக்கவே கூடாது, ஊதித் தள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயலில் அது நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் நல்ல ஆள்தான், நம் கழுத்தில் வந்து உட்கார்ந்தால்தான் வில்லன். முருங்கை மரத்தில் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சி பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் வந்துவிடும், பிறகு கழுவுங்கள். எங்கள் வீட்டுச் சட்டம், பளிச்சென்று நிறம் இருந்தாலும் ரோமம் இருந்தாலும் கண்ணால் மட்டும். பட்டாம்பூச்சிக்கும் அதே சட்டம்தான், பயல் விதிவிலக்குக் கேட்பதற்கு நான் வழி விடவில்லை.

சும்மா படிக்கிறவன்:

எல்லாம் சரி, ஏழு வயதுக் குழந்தைக்கு மயங்கின புழுவைக் குளவிக் குஞ்சு உயிரோடு தின்பதையெல்லாம் காட்டணுமா? நல்ல பூச்சி கெட்ட பூச்சி என்று எளிமையாக இருப்பதில் என்ன தப்பு, பெரியவளானதும் தெரிந்துகொள்ளட்டுமே.

சாக்பீஸ்:

நியாயமான கேள்வி. ஒரு அம்மா பள்ளிக்கே வந்து இதைத்தான் கேட்டார், பிள்ளை ராத்திரி சாப்பிடவில்லையாம். அன்றிலிருந்து கூட்டைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பார்க்க விரும்பாதவர்கள் செண்டுமல்லிக்குத் தண்ணீர் ஊற்றப் போகலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் போவார்கள், அதில் ஒருத்தர் பாதியிலேயே திரும்பி வந்து எட்டிப் பார்ப்பார். நாலு வயதுக்காரனுக்கு இது தேவையில்லை, அவனுக்கு எறும்பு வரிசையே போதும். ஆனால் இந்தப் பாப்பா எளிமையாகச் சொன்னதைக் கேட்டுத்தானே நாற்பத்திரண்டை நசுக்கினாள்?

கரிசல்:

சார் சொன்ன பப்பாளிக் கதை உண்மை. என் மாமனார் ஊர் கோபி பக்கம், மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டார். அந்தப் பொடிக் குளவியை ஒரு சின்னக் குப்பியில் வைத்துக் கொடுத்தார்களாம், காலிக் குப்பியைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போயிருக்கிறார்.

மொட்டைமாடிக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

தண்ணீர் பீய்ச்சியதில் அவரை தப்பித்தது, பாதிக் கொடி. தட்டைப்பயறு முளைத்துக் கொடி ஓடத் தொடங்கியதும் கரிசல் அண்ணன் சொன்ன மாதிரியே அசுவினி அப்பியது. ஆறாவது நாள் பந்திக்கு ஆள் வந்தது, வளைந்த கோடு போட்ட வண்டு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. சண்டை போடுதும்மா என்றாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அதற்கெல்லாம் இன்னும் வயது இருக்கிறது. இப்போது இலையடியில் மஞ்சளாக நட்டுவைத்த முட்டைக் கொத்து இருக்கிறது, தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அங்கேதான் ஓடுகிறாள்.

கத்தரியில் தம்பி வந்து ஒரு பாடம் நடத்தினான், ஆனால் அதற்குள் அவளே கண்ணாடியில் ரோமத்தைப் பார்த்துவிட்டாள். "இது சைவப் பொறிவண்டு" என்று சோப்புத் தண்ணீர் டப்பாவை அவளே எடுத்துவந்தாள். போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், போடு என்று நானும் கட்டாயப்படுத்தவில்லை. கறிவேப்பிலைக் குத்தகையில் நான்தான் ஏமாந்தேன், நாலாவது புழுவை நான் எடுக்கப் போகும்போது அதை இன்னொரு கிளைக்கு மாற்றியிருந்தாள், கேட்டால் அது வேறு பார்ட்டியாம். மூன்று கூட்டில் இரண்டிலிருந்து பட்டாம்பூச்சி வந்தது. மூன்றாவதில் பொத்தல். நோட்டில் "யாரோ சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்" என்று எழுதி, பக்கத்தில் பொடியாக ஒரு குளவி வரைந்திருக்கிறாள்.

அப்புறம் துளசி இலையடியில் வெள்ளை முடி மாதிரி நட்டுக்கொண்டு, முடி நுனியில் ஒவ்வொரு புள்ளி. பூஞ்சை என்று நான் இலையைக் கிள்ளப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் மாமாவுக்குப் போட்டோ அனுப்பு என்றாள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையாம், அதன் குஞ்சும் அசுவினிக்காரன்தானாம். நான்தான் இன்னும் தேறவில்லை.

சாக்பீஸ் சார், காசு வேண்டாம் என்றீர்கள், அதில் மட்டும் தோற்றுவிட்டேன். ரேட்டை அவளே மாற்றிவிட்டாள். நசுக்கினால் ஒன்றும் கிடையாது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு ரூபாய், அது என்ன தின்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதினால் இரண்டு ரூபாய். பழைய நாலு ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்றைய தேதிக்கு நான் 37 ரூபாய் பாக்கி.

ஒரு சந்தேகம். ரோஜா இலை ஓரத்தில் காசு வைத்துக் கத்தரித்த மாதிரி வட்ட வட்டமாக வெட்டியிருக்கிறது, இலையில் புழு எதுவும் இல்லை, எச்சமும் இல்லை. இது யார்?

அவரைப்பந்தல்:

இலைவெட்டித் தேனீ அக்கா. இலையைத் தின்னவில்லை, துண்டு துண்டாக வெட்டிக்கொண்டுபோய் ஏதாவது ஓட்டைக்குள் சுருட்டிக் கூடு கட்டும், சுவரில் ஆணி அடித்த பழைய துளை, பைப் ஓரம் எங்காவது தேடச் சொல்லுங்கள். பாப்பா கண்டுபிடித்துவிட்டால் பாக்கி 38 ரூபாய்.